பூட்டி வைத்த பிரசவப் பை

அந்த வீட்டில் தேடினால் எதுவும் கிடைக்காது. தேடாதபோது காலில் குத்தும். நகவெட்டி ஒரு வாரம் ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும், மறுவாரம் சோபாவின் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒழுங்காக வேலை செய்கிற சார்ஜர் ஒன்றே ஒன்று. அதற்குக் காலையிலிருந்தே அடிதடி. மாமனார், கணவன், நாத்தனார் மூன்று பேருக்கும் இது பழகிப்போயிருந்தது. கல்யாணமாகி வந்தவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சுவரில் கொண்டுபோய் முட்டுவதற்குள் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிக்கிறவள். வரப்போவதை முன்கூட்டியே பார்ப்பது அவளுக்குக் கைவந்த கலை. கணவன் அவளைச் செல்லமாக ‘டீச்சர்’ என்பான். கோபமாக இருக்கும்போதும் டீச்சர்தான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும்.

எட்டாம் மாதம் முடிந்ததும் டீச்சர் ஒரு சிவப்புப் பை வாங்கினாள். வீட்டுச் சாமான் எதையும் நம்பாமல் உள்ளே வைப்பதையும் புதிதாகவே வாங்கினாள். நகவெட்டி, சார்ஜர், பூத்துண்டு, பிஸ்கட் பாக்கெட், முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிகள், குழந்தைக்குச் சட்டையும் தொப்பியும் காலுறையும் சேர்த்து ஒரு துணிக்கட்டு. எல்லாவற்றையும் அடுக்கி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

அவள் செய்த ஒரே தப்பு, அதை எல்லாருக்கும் திறந்து காட்டியதுதான்.

வீட்டிலேயே எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடம் அந்தப் பை ஒன்றுதான் என்பது மற்ற மூவருக்கும் அன்றைக்கே புரிந்துவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பையைத் தூக்கிப் பார்த்தாள். பூ மாதிரி இருந்தது. திறந்தாள். நகவெட்டி இல்லை, சார்ஜர் இல்லை, துண்டு இல்லை. பிஸ்கட் பாக்கெட் இருந்தது, பிஸ்கட் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் விசாரணை நடந்தது.

“யாரு எடுத்தீங்க?”

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வாஷிங் மெஷின் மெக்கானிக்கான கணவன், மேஜையின் கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தான். கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மட்டும் வாயைத் திறந்தாள்.

“நான் அந்தப் பக்கமே போகல அண்ணி. எலியா இருக்கும்.”

“எலிக்கு எதுக்குடி சார்ஜர்?”

டீச்சர் எழுந்து போனாள். காணாமல் போனதையெல்லாம் மறுபடி வாங்கி வைத்தாள். பையின் ஜிப்பில் ஒரு குட்டிப் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

அவள் கத்தியிருந்தால் மூன்று பேரும் மறந்திருப்பார்கள். கத்தாமல் போனதுதான் அவர்களை அரித்தது. பிள்ளைத்தாய்ச்சியின் பையில் கை வைத்துவிட்டோமே என்று ஆளுக்கொரு மூலையில் குமைந்தார்கள். அவள் திரும்ப வாங்கி வைத்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அதனால், காணாமல் போனதையெல்லாம் வாங்கி யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுவிடுவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். பூட்டு ஒரு தடையாக இல்லை. ஜிப்பின் பல்வரிசையில் பேனா முனையைக் குத்தினால் வாய் பிளந்துகொள்ளும். பூட்டோடு சேர்த்து ஒரு இழு இழுத்தால் மூடிக்கொள்ளும். இது மெக்கானிக்குத் தானாகத் தெரியும், தங்கைக்கு ஹாஸ்டல் தோழி சொல்லித் தந்தது, அப்பாவுக்குத் தங்கையே சொல்லிக் கொடுத்தாள், எதற்கு என்று கேட்காமல்.

குளிப்பதற்கு டீச்சர் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிற மாதம் அது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திணித்து மூடுவதற்கு.

ஒரு நாள் காலை, டீச்சர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, நிதானமாக வெளியே வந்து, “ஏங்க, கிளம்பலாம்” என்றாள். நாத்தனார் காலையிலேயே வகுப்புக்குப் போயிருந்தாள். மாமனார், கதவைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னார். பதற்றத்தில் இரண்டு கால்களையும் பேண்ட்டின் ஒரே குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்.

கணவன் பையைத் தூக்கியதும் தோள் ஒரு பக்கம் இறங்கியது. துணிமணிக்கு இவ்வளவு கனமா என்று அவனுக்குத் தோன்றியது. தான் போட்டது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

காரில் வழியெல்லாம் டீச்சர் வலியும் பாடமுமாக வந்தாள். “கிளட்ச்சில காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க... அம்மா... இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பணும், திரும்பிட்டுப் போடக் கூடாது... ஐயோ அம்மா... கண்ணாடியைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.” இல்லாத பிரேக்கை அவள் கால் மிதித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவன் வண்டியை ஒரே மூச்சில் ஒழுங்காக நிறுத்தியதைப் பார்த்து, வலியோடு வலியாக, “பரவாயில்ல” என்று ஒரு வார்த்தை சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அவன் ஓட்டுவதற்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. முகமெல்லாம் சிவந்து, யாரோ எழுப்பிவிட்ட எரிச்சலில் இருப்பது போல இருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு தண்ணீர் கேட்டாள். கணவன் குழந்தையின் விரல்களைத் தொடுவதற்கு முன் தன் கையை மூன்று முறை கழுவிவிட்டு வந்தான்.

வார்டுக்கு மாற்றியதும் நர்ஸ் வந்தார். “குழந்தைக்குத் துணி எடுங்க. இது ஆஸ்பத்திரித் துணி, திருப்பிக் குடுக்கணும்.”

டீச்சர் கழுத்துச் சாவியைக் கழற்றிப் பெருமையோடு கொடுத்தாள். கணவன் பூட்டைத் திறந்தான். ஜிப் பாதி தூரம் போவதற்குள் பிஸ்கட் பாக்கெட்டுகள் வழுக்கிக்கொண்டு கட்டிலில் விழுந்தன. அதன் பின்னால் துண்டு, இன்னொரு துண்டு, மறுபடி துண்டு. சார்ஜர்கள் வால் பின்னிக்கொண்ட எலிகள் மாதிரி வந்தன. கடைசியாக நகவெட்டிகள் கிலுங்கிக்கொண்டு உதிர்ந்தன.

நர்ஸ் கேட்டார், “கடை வச்சிருக்கீங்களா?”

“குழந்தைத் துணி எங்கங்க?” என்றாள் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

அவன் அடிவரை துழாவினான். இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, டீச்சருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

“அந்தக் கட்டா?” என்றார் மாமனார். “என் அலமாரியில இருக்குப்பா. எல்லாம் கசங்கிப்போய் இருந்துச்சு. இஸ்திரி போட்டு வச்சேன்.”

அவர் ஒரு பெரிய ஓட்டலில் விரிப்புகளுக்கும் திரைகளுக்கும் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கசங்கின துணியைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“ஏம்பா திரும்ப வைக்கல?”

“வைக்கத்தான் போனேன். இடமே இல்ல. யாரோ துண்டா அடைச்சு வச்சிருந்தீங்க. அழுத்தி வச்சா மடிப்பு போயிடுமே. வீட்டுச் சாவியைத் தேடிக் கண்டுபிடிச்சுப் பூட்டிட்டு இப்பத்தான் பாதி வழி வந்திருக்கேன், திரும்பிப் போய் எடுத்துட்டு வர்றேன்.”

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு ஏசவும் தெம்பில்லை. அப்போது பக்கத்துக் கட்டில்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, அந்தச் சார்ஜர் ஒண்ணு குடுப்பீங்களா? போன் செத்துப்போய் ரெண்டு நாளாச்சு. எங்கம்மாகிட்ட இன்னும் பேசவே இல்ல.”

டீச்சர் கண்ணைத் திறந்தாள். குவியலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் குழந்தையைப் பார்த்தாள். அதன் தலைமாட்டில் சட்டைகள் அடுக்கி இருந்தன.

“நீயே வச்சுக்கம்மா. ஒரு சட்டை மட்டும் குடுத்து உதவுவியா?”

அதற்கப்புறம் வியாபாரம் சூடு பிடித்தது. வீடு வீடாகப் போய் மெஷின் பார்த்துப் பழகிய கணவனுக்குக் கட்டில் கட்டிலாகப் போவது பெரிய விஷயமில்லை. எதிர்க்கட்டிலில் காலையிலிருந்து பசியோடு கிடந்தவளுக்குப் பிஸ்கட் போனது. முயல் காது வைத்த தொப்பி வந்தது. ஜன்னலோரத்து அம்மாவுக்கு ஒரு துண்டு. இரண்டு காலுறை, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். நகவெட்டி வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் அவன் ஒன்று கொடுத்துவிட்டு வந்தான்.

அன்று மாலைக்குள் வார்டில் இருந்த எல்லாருக்கும் டீச்சரைத் தெரிந்திருந்தது. குழந்தை யார் யாருடைய துணியிலோ புகுந்துகொண்டு, முயல் காது ஒரு கண்ணை மறைக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமனார் வந்து சேர்ந்தார். துணிக்கட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பஸ்ஸில் உட்காரக்கூட இல்லையாம். கூடவே நாத்தனாரும் வந்தாள். கட்டிலின் மேல் கிடந்த மிச்சச் சாமான்களைப் பார்த்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்பா, நீங்களுமா?” என்றாள் நாத்தனார்.

“நீதானேம்மா பேனா வித்தை சொல்லிக்கொடுத்தே.”

“எல்லாரும் இங்க வந்து வரிசையா நில்லுங்க” என்றாள் டீச்சர். நின்றார்கள். மதியத்திலிருந்து அவள் மனதில் கோத்து வைத்திருந்தது நிறைய இருந்தது. “நான் பை வாங்கினது எதுக்கு? ஒரு வீட்டுல மனுஷங்க...” என்று கணீரென்று ஆரம்பித்தாள். “முதல்ல மாமா, நீங்க...” என்றாள். மாமனார் தலையைத் தாழ்த்திக் காத்திருந்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

நாத்தனார் போர்வையை இழுத்துவிட்டாள். கணவன் சத்தமில்லாமல் குழந்தையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தான். மூவரும் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையோடு மெதுவாக வராந்தாவுக்கு நடந்தார்கள்.