படகு தேய்த்த கை

மண்ணூர்ப் பக்கத்தில் ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் ஷெட்டுக்கு, ஏதோ ஏரிக்கரை ரிசார்ட்டிலிருந்து பழைய உல்லாசப் படகு ஒன்று வந்து இறங்கியது. மேல்தளத்தில் அடுக்கடுக்காகப் பூசியிருந்த பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து கிடந்தது.

"கெமிக்கல் தடவுனா ஃபைபரும் சேர்ந்து இளகிப் பூடும். மிசின்ல உப்புத்தாள் மாட்டித் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் யேசுராஜ் டீ குடிக்கப் போனார். தேய்க்கப் போவது அவர் இல்லையே.

தேய்த்தது பூமாரியும் மாரிராஜும். இருவருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஷெட்டில் ஏற்பட்ட பழக்கம் கல்யாணப் பேச்சுவரை வந்திருந்தது. மறுநாள் மாரிராஜின் அம்மா மாடத்தி பெண்ணைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த அம்மா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. மாரிராஜே அப்படித்தான் சொல்லியிருந்தான்.

உடம்பை மூடும் சூட் ஷெட்டில் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. "எனக்குத் தூசு சேராதுன்னு தெரியும்லா" என்றான் மாரிராஜ். பூமாரியே அதை எடுத்துக் கொடுத்து ஜிப்பையும் இழுத்துவிட்டாள். பிரியம் வந்துவிட்டால் மூளை லீவு போட்டுவிடுகிறது.

பெயிண்ட் போன இடத்தில் மிஷின் அடியிலிருந்த கண்ணாடி இழை ஃபைபரையும் சுரண்டியது. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள் அவள் கையெல்லாம் ஏறியது. சாயங்காலம் ஹாஸ்டலில், நாளைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று வெந்நீரை ஊற்றித் தேய்தேயென்று தேய்த்துக் குளித்தாள். முள் இன்னும் உள்ளே இறங்கியது. பச்சைத்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்ல அவளுக்கு ஆளில்லை.

மறுநாள் குன்றத்தூர் மலைக்கோயில் படியோரம் மூவரும் உட்கார்ந்தார்கள். பூமாரி முழுக்கைச் சுடிதாருக்குள் அரிப்பை அடக்கிக்கொண்டு சிரித்தாள். மாடத்திக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கொண்டுவந்த கண்ணாடி வளையலைத் தன் கையாலேயே மாட்டிவிடப் பார்த்தாள். பாதி ஏறியபோது சுடிதார்க் கையை மேலே தள்ளினாள். முழங்கைவரை சிவப்புத் தடிப்பு.

"ஏத்தா, இது என்ன?"

"வேலையில ஃபைபர் தூசு பட்டது, அத்தை. ரெண்டு நாள்ல போயிரும்."

"எம்மவனும் அங்கனதான சூப்பர்வைசரா இருக்கான். அவனுக்கு ஒண்ணையும் காணமே."

சூப்பர்வைசரா? அம்மாவிடம் அவன் அப்படிச் சொல்லி வைத்திருப்பது பூமாரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

மாடத்தி மகனின் கையைத் தூக்கிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "ஏலே, தூசு பட்டா இப்படியா வரும்?"

பூமாரி அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. ஆமாம்மா என்றால் போதும்.

"தெரியலம்மா" என்றான், செல்போனைத் தடவிக்கொண்டு.

மாடத்தி வளையலை உருவிக் காகிதத்தில் சுற்றினாள்.

பூமாரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இனி யாருக்காக அடக்குவது? இரண்டு கையையும் ஏற்றிவிட்டுக்கொண்டு, சாமி கும்பிட வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வறட்வறட்டென்று சொறிந்தாள். ரத்தம் கசிந்தது.

"படகு மேல்தளத்துல பாதி பாக்கி கெடக்கு. நாளைக்கு நீங்களே தேய்ச்சுக்கிடுங்க, சூப்பர்வைசர் சார்" என்றாள்.

அதெல்லாம் மாடத்தியின் காதில் ஏறவே இல்லை. "வாலே, ஒட்டிக்கிடப் போவுது" என்று மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவனும் போனான்.