நடுங்காத எண்

உண்மை என்பது நீரில் கரைந்து கிடப்பது, கண்ணுக்குத் தெரியாதது, நடுங்காத கை ஒன்றுக்கு மட்டுமே அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்… வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் குளியலறையில் மீசைக்கு மை தடவும்போது வந்தது, முதலாளியிடம் சொல்ல வேண்டும், இப்போது வேண்டாம், எண் நிலைக்கட்டும், என்று நினைத்தபடி மீன்பண்ணையின் தலைமை வேதியியலர் புது மின்முனையைக் குடுவைக்குள் இறக்கினார். மூன்றாம் தொட்டித் தண்ணீர், கொஞ்சம் அமிலம் விட்டாயிற்று, கரைந்திருக்கிற கரியமில வாயு விடுபட்டு நுனியில் இருக்கும் சவ்வு வழியாக உள்ளே புகும், எவ்வளவு புகுந்தது என்று மீட்டர் சொல்லும், அவ்வளவுதான் வித்தை, ஆனால் அவ்வளவுதான் என்று வெளியே சொல்லிவிட்டால் தலைமை எதற்கு, தனி அறை எதற்கு… மூக்குக்கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கட்டும், போட்டால் வயசு தெரியும், மீட்டரில் எண் பெரிதாகத்தானே வருகிறது. பின்னால் முதலாளி நிற்கிறார், பக்கத்தில் மச்சினி நிற்கிறாள், மனைவியின் தங்கை, அவர் வாங்கிக்கொடுத்த வேலையில் இருப்பவள், இன்று சாயங்காலத்துக்குமேல் அதில் இருக்கப்போகாதவள்.

அவள் அளந்ததில் நாற்பதாமே, நாற்பது! பதினொன்று என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொட்டிக்கு நாற்பது, மீனுக்கு மூச்சு முட்டுகிற அளவாம்! சரி, அளந்ததோடு விட்டாளா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், மாமனார் முன்னால், "அத்தான் தண்ணியை அளக்கறதில்லப்பா, தண்ணிக்கு உத்தரவு போடுறார்" என்று… மாமனாருக்குப் புரையேறிவிட்டது, மனைவியும் சிரித்தாள், கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் சிரிக்காதவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாள். புருஷன் வேண்டாமென்று இரண்டு பெட்டியோடு வந்து நின்றவளுக்கு மாடி அறை கொடுத்தது யார், இந்த வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டது யார்? இப்போது தனி வீடு பார்த்துவிட்டாளாம், சம்பளம் இருக்கிற தைரியம், அடுத்த வாரம் குடிபோகிறாளாம். போவாள், போவாள்… அதே மாடி அறையில் கிடந்து, கூப்பிட்ட பிறகு இறங்கி வந்து, அவர் சொல்கிற ஜோக்குக்கு அவளே முதல் ஆளாகச் சிரிப்பாள், அது போதும், வேறென்ன கேட்கிறார் ஒரு மனுஷன்?

"புது எலெக்ட்ரோடு சார், நானே பிரிச்சேன், யாரையும் தொடவிடல." முதலாளி எட்டிப் பார்த்தார். "முதல்ல அளவு தெரிஞ்ச கரைசல்ல வச்சு சரிபாக்கணும்னு இந்தப் பொண்ணு தினமும் பண்ணுமே?" அடடா, முதலாளிக்குக்கூடப் பாடம் எடுத்திருக்கிறாள். "கைமேல நம்பிக்கை இல்லாதவங்க பண்றது சார் அது." ஒன்பது. இன்னும் ஒன்பது. ஒரு நிமிஷம் போயிற்று, அதே ஒன்பது, அசையவில்லை, ஆகா… அவள் அளந்தால் எண் ஏறும், இறங்கும், அலைந்து திரிந்துதான் நிற்கும், மனசு எப்படியோ அளவும் அப்படி. "ஆடுதா பாருங்க சார்? ஆடாது." சும்மாவா பண்ணையில் எல்லோரும் அவரைத் துல்லியம் சார் என்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள், அதனால் என்ன, மரியாதைதானே அது?

"அத்தான்… அந்த நுனியில—"

"வீட்லதான் அத்தான். இங்க சார்."

"சார், நுனியில ஒரு—"

"பக்கத்துல வந்து பேசாதம்மா, மூச்சுக்காத்து பட்டாலே அளவு கெட்டுடும்!"

முதலாளி சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். நீட்டிய விரலை மச்சினி மடக்கிக்கொண்டாள். அழுவாளா? ஒரு சொட்டு விட்டால்கூட யோசிக்கலாம், பெரிய மனசு பண்ணலாம்… விடவில்லை, இவளிடம் பிடிக்காததே இதுதான். முதலாளி ஒருவழியாக மூச்சை விட்டார். "ஒம்பது எங்க, நாப்பது எங்கம்மா? உன் பேச்சைக் கேட்டு தொட்டிக்குக் காத்து விடற மெஷினையே மாத்தியிருப்பேன். நாளைலேருந்து வரவேண்டாம்." அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், முதலாளியிடம் "சரி சார்" என்றாள், பிறகு இவர் பக்கம் திரும்பி, "கிளம்பறேன், அத்தான்," அந்தக் கடைசிச் சொல்லை நிறுத்தி, அழுத்தி. வாசகத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர் திரும்புவதற்குள் முதலாளியும் போயிருந்தார்.

பரவாயில்லை, ராத்திரி வீட்டில் சொல்லலாம், இன்று யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்… ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் தொட்டி, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மீன் என்றால் வாயைத் திறக்கத்தானே செய்யும், அதற்கென்ன. மின்முனையைத் தூக்கிக் குழாயடியில் பிடித்தார், நுனியை விரலால் தடவினார், வழுவழுவென்று, சவ்வு இவ்வளவு கெட்டியாகவா இருக்கும்? திருகினார். நுனிமேல் இருந்த ஏதோ ஒன்று கையோடு வந்துவிட்டது, உள்ளேயிருந்து ஏதோ திரவம் மணிக்கட்டில் வழிந்தது. வெறும் நுனியை அதே குடுவைக்குள் இறக்கினார், சும்மாதான், பார்க்கத்தான்… ஒன்பது, பதினாறு, இருபத்தொன்பது, எண் ஏறிற்று, ஆடிற்று, அச்சு அசல் அவள் எண்ணைப் போலவே அலைந்தது, எங்கே போய் நிற்கும் என்று பார்க்காமல் மீட்டரை அணைத்தார். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள், பஸ் வரவில்லை, ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்… பஸ் வந்தது, போயிற்று. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உள்ளங்கையில் கிடந்த கண்ணாடி போலத் தெளிந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். அளக்கும் முன் கழற்றவும் என்று சுற்றிலும் போட்டிருந்தது. எழுத்து அப்படியொன்றும் சின்னதில்லை.