முதுகு அளவு

தையல்காரரின் கழுத்தை யாரோ மூன்றாம் தடவையாகப் பின்னாலிருந்து பிடித்தபோது அவர் வாயில் நாலைந்து குண்டூசிகள் இருந்தன. கத்தினால் ஊசி உள்ளே போய்விடும். கத்தாவிட்டால் உயிர் வெளியே போய்விடும். எது லாபம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடையும் ஏற்கெனவே இருட்டாகத்தான் இருந்தது. அந்த ஆள் ஒவ்வொரு தடவையும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான். கரண்ட் பில்லில் அக்கறை உள்ளவன்.

மூன்று தடவையும் ஒரே பிடி. வலது கை கழுத்தைச் சுற்றி வரும். இடது கைக் கட்டைவிரல் காதுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வந்து உட்காரும். முழங்கால் ஒன்று இவருடைய முழங்கால் மடிப்பில் தட்டும். முகம் கட்டிங் மேசையில் குவிந்து கிடக்கும் வெட்டுத் துணியில் அமுங்கும். அவ்வளவுதான். கண் விழித்தால் தையல்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கத்தரி கத்தரியின் இடத்தில் இருக்கும், துணி துணியின் இடத்தில் இருக்கும். திருட்டும் இல்லை, திட்டும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் சகலை பட்டன் பொட்டலத்தோடு ஓடி வருவார். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே கடையில் எதிரெதிர் மிஷினில் உட்கார்ந்து, ஒருவர் தலை நரைப்பதை மற்றவர் பார்த்துக்கொண்டே தைத்தவர்கள்.

"இந்தத் தடவையும் நான் பட்டன் வாங்கப் போன நேரமாப் பாத்து வந்திருக்கான் பாருங்கண்ணே," என்று சகலை தண்ணீர் தெளித்தார். "வாயில என்ன, ஊசியா? துப்புங்க. முழுங்கிட்டீங்களா?"

"எண்ணிப் பாத்துதான் சொல்லணும்."

"தமாஷ் பண்ற நேரமாண்ணே இது? கட்டடக்காரன் வேலைதான், வேற யாரு. இடத்தைக் காலி பண்ண வைக்க ஆள் செட் பண்ணியிருக்கான். நான் சொல்றதக் கேளுங்க. கடையை என் பேருக்கு மாத்திக் குடுத்துட்டு மக வீட்டுல போய் நிம்மதியா உக்காருங்க. அடி விழுந்தா எனக்கு விழட்டும். எனக்கு உடம்புல தெம்பு இருக்கு."

தையல்காரருக்குத் தொண்டை அடைத்தது. பிடியினால் பாதி, பாசத்தினால் பாதி.

ஆனால் மகள் வீட்டில் ஒரு டிவி இருந்தது. அதற்கு எதிரே ஒரு நாற்காலி இருந்தது. "இது உங்களுக்காகவே வாங்கினதுப்பா" என்று மகள் ஆசையோடு சொன்ன நாளிலிருந்து, தையல்காரர் அங்கே போனால் தரையில்தான் உட்காருவார். கடையை விட்டால் அந்த நாற்காலிதான். அதிலிருந்து எழுந்தவர் யாரும் இல்லை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"போக மாட்டேன்," என்றார். "கத்துக்கப் போறேன்."

"எதை?"

"திருப்பி அடிக்கிறதை."

சகலை சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "யார்கிட்ட?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி மனைவி சிரிக்கவே இல்லை. "ஊசியில நூல் கோக்க நாலு தடவை எச்சில் பண்றீங்க. நீங்க சண்டை கத்துக்கறீங்களா? என் தங்கச்சி புருஷன் தங்கமான மனுஷன், சொன்னாக் கேட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

யாரிடம் கற்றுக்கொள்வது என்று தையல்காரருக்கு ஏற்கெனவே தெரியும். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தால் மார்பைக் கொடுப்பார், கையைக் கொடுப்பார், கழுத்தைக்கூடக் கொடுப்பார். முதுகை மட்டும் கொடுக்க மாட்டார். அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, இரண்டு தோள்முனையிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, ஆளை நகர்த்திவிட்டுச் சுவரை அளந்துகொள்ள வேண்டும். ஏன் இப்படி என்று ஒரு தடவை தையல்காரரும் சகலையும் கேட்டதற்கு, "மாஸ்டர் அப்படிப் பழக்கிட்டார்" என்றார்.

மாஸ்டர் என்பவர் துப்பாக்கிக்கு இடமில்லாத இடத்தில் எப்படிச் சண்டை போடுவது என்று பட்டாளத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர். கைக்கெட்டும் தூரத்துக்கு வெளியே நடக்கும் எதுவும் அவருக்குச் சண்டையே அல்ல, வெறும் சத்தம். ஒரு குளியலறைக்குள் பன்னிரண்டு பேரை அனுப்பி, தானும் நுழைந்து, தான் மட்டும் ஈரம் படாமல் வெளியே வந்தவர். அவருடைய அறைக்குள் போன கொசு திரும்பி வரும்போது சல்யூட் அடித்துவிட்டு வந்தது என்பதை அந்த வாடிக்கையாளர் சுவரில் முதுகைத் தேய்த்தபடியே சொன்னார். கண்ணால் பார்த்தவராம்.

மாஸ்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. தையல்காரர் தேடினார். வாடிக்கையாளர் ஒரு கேஸ் குடோன் வாட்ச்மேனைக் கை காட்டினார். வாட்ச்மேன் பிடரியை மூடிய சடையோடு இருந்தார். பின்னால் கத்தியோடு ஒருவன் நிற்பதற்குச் சம்மதிக்காததால் பட்டாளத்தை விட்ட நாளிலிருந்து முடி வெட்டிக்கொள்ளவில்லை. அவர் ஒரு லாரி டிரைவரைக் கை காட்டினார். டிரைவர் முதலில் பஸ் ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே உட்கார்ந்திருப்பது தாங்காமல் லாரிக்கு மாறியவர். மாஸ்டரிடம் படித்தவர்களை அடையாளம் கண்டுபிடிக்கத் தையல்காரருக்கு இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் எவன் சுவரோரம் இடம் கிடைக்கும்வரை நின்றுகொண்டே குடிக்கிறானோ, அவன்தான்.

அந்த நாட்களில்தான் சகலை தன் மிஷினை நகர்த்திச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார். "காத்து முதுகுல அடிக்குதுண்ணே," என்றார். அந்தக் கடைக்குள் காற்று வந்ததாகச் சரித்திரமே இல்லை. தையல்காரர் மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்.

லாரி டிரைவர் சொன்ன இடம் ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். அதன் லிஃப்டில் ஒரு முக்காலியும், முக்காலியில் சுவரோடு சாய்ந்து ஒரு சின்ன மனிதரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையனின் உயரம், பெருங்காயடப்பி அளவுக்கு முகம், மேலே சாம்பல் நிறத்தில் லிஃப்ட்காரர் சட்டை.

"எத்தனாவது மாடி?"

"மாஸ்டரைப் பாக்கணும்."

"அப்ப எல்லா மாடியும் போகணும். ஏறுங்க," என்று சின்ன மனிதர் கிராதிக் கதவை இழுத்தார். "வெளியில யாருக்கும் சொல்லித்தர்றதில்ல. ஓய்வு வாங்கிட்டேன். இதுக்குள்ள மட்டும்தான். எனக்கு இதுவே பெரிய இடம். சொல்லுங்க, யாரைக் காப்பாத்தணும்?"

"என்னையத்தான்."

மாஸ்டர் முக்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "முதமுதலா ஒருத்தர் உண்மை பேசறீங்க. எல்லாரும் அம்மாவைக் காப்பாத்தணும், தங்கச்சியைக் காப்பாத்தணும்னுதான் வருவாங்க. கடைசியா வந்தவர் சகலையைக் காப்பாத்தணும்னார். சகலையைக் காப்பாத்தணும்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. அதுக்காகவே சொல்லிக்குடுத்தேன்."

லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. தையல்காரர் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் இடது பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அவருடைய சகலைக்கு இடது தோள் கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவு கண் வழியாகக் கைக்கு இறங்கி, அவர் தைக்கும் இடது பாக்கெட் எல்லாமே ஒரு விரற்கடை கீழேதான் உட்காரும். சகலைக்கு இது தெரியாது. சொன்னால் மனிதர் மனசு உடைந்துபோவார் என்று, அவர் வீட்டுக்குப் போன பிறகு தையல்காரர் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்து, ஏற்றித் தைத்து, இஸ்திரி போட்டு, பழையபடி மடித்து வைத்துவிடுவார். கடை தொடங்கிய காலத்திலிருந்து நடக்கும் வேலை இது.

"சட்டை நல்லா இருக்கு. எங்க தைச்சது?"

"அவர்தான். காசு வாங்க மாட்டேன்னதும் சட்டை தைச்சுக் குடுத்தார். தையல்காரர். அவர் சகலை வயசானவராம், பயந்த சுபாவமாம். கடையில வந்து எவனோ மிரட்டறானாம். சொல்லும்போதே மனுஷன் அழுதுட்டார்."

"அழுதாரா?"

"இந்த மூலையிலதான் நின்னு அழுதார்."

தையல்காரர் அந்த மூலையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "அவருக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? எனக்கும் அதையே காட்டுங்க," என்று சொல்லித் திரும்பி நின்றார்.

வலது கை கழுத்தைச் சுற்றி வந்தது. கட்டைவிரல் காதுக்குப் பின்னால் பள்ளத்தில் உட்கார்ந்தது. முழங்கால் மடிப்பில் தட்டு விழுந்தது. மாஸ்டரின் பிடி சுத்தமாக இருந்தது. சகலையுடையதில் கட்டைவிரல் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது என்று தையல்காரருக்கு இப்போது ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலிக்குதா?" என்று மாஸ்டர் கையை எடுத்தார்.

"இல்ல. அந்தச் சகலை நான்தான்."

இதைச் சொன்னபோது லிஃப்ட் உச்சி மாடியில் நின்றது. யாரோ ஃபைலோடு ஏற வந்தார்கள். மாஸ்டர் அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்கள் படிக்கட்டைத் தேடிப் போனார்கள். பிறகு அவர் சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"கிழிச்சுப் போடப் போறேன். என் கையை வெச்சே உங்க கழுத்தைப் பிடிச்சிருக்கான்."

"துணி என்ன பாவம் பண்ணுச்சு? குடுங்க இப்படி."

தையல்காரர் காலரின் உள்மடிப்பிலிருந்து ஊசியை உருவினார். முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது. அன்று மத்தியானம் முழுவதும் அந்த லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவர் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு விரற்கடை ஏற்றிக் கையாலேயே தைத்தார். பனியனோடு உட்கார்ந்திருந்த மாஸ்டர், அந்தப் பிடியிலிருந்து எப்படிக் கழன்று கொள்வது என்று சொல்லிக்கொடுத்தார். இடுப்பை இந்தப் பக்கம், தாடையை அந்தப் பக்கம், பிடித்தவனின் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து ஒரு திருகு. அவ்வளவுதான்.

"இது கடைசிப் பாடம். அவர் இதைக் கத்துக்காமலே போயிட்டார். பிடி போதும்னுட்டார்," என்றார் மாஸ்டர். "சுண்டுவிரல் ஒடியும். பாத்துத் திருகுங்க. தையல்காரருக்கு அது வேணும்."

அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு சகலை, "பட்டன் தீந்துபோச்சுண்ணே, வாங்கிட்டு வந்துடறேன்," என்றார். பட்டன் டப்பா தையல்காரரின் கைக்கருகில்தான் இருந்தது. நிறைய இருந்தது.

"போய்ட்டு வாங்க."

அவர் கட்டிங் மேசைக்குத் திரும்பி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சட்டைத்துணியில் கோடு போட ஆரம்பித்தார். சகலை வராமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ஒருவேளை நிஜமாகவே பட்டன் வாங்கப் போயிருக்கலாம். இரண்டு டப்பா இருந்தால் என்ன கெட்டுப்போகும்? கோடு கோணலாகப் போனது. விளக்கு அணைந்தது.

கை கழுத்துக்கு வந்தது. கட்டைவிரல் வந்தது, ஒரு விரற்கடை கீழே. சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று தையல்காரருக்குத் தெரிந்தது. அதைத் தொட்டும் பார்த்தார். மிஷின் எண்ணெய் பிசுபிசுத்தது. திருகவில்லை.

"சகலை," என்றார், துணியில் முகம் அமுங்கிய குரலில். "மாஸ்டர் சட்டையில இடது பாக்கெட் ஒரு விரக்கடை எறங்கிப் போச்சு. நம்ம கடையில குடுத்திருந்தா நான் ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணி வெச்சிருப்பேன்."

பிடி தானாகத் தளர்ந்தது.

"சரி பண்ணி வெப்பீங்களா?" என்றது சகலையின் குரல். "எத்தனை சட்டையில?"

"எல்லாத்துலயும்."

"இத்தனை வருஷமா என் தையலைப் பிரிச்சுட்டு இருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

"கடையும் உங்க பேரு, போர்டும் உங்க பேரு. பாக்கெட்டாவது என்னுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார் சகலை. அவர் குரல் நடுங்கியது. அழுகிறாரா என்று தையல்காரருக்குத் தெரியவில்லை. லிஃப்டில் அழுத அழுகையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன், சகலை."

"குடுத்திருக்க மாட்டீங்க."

தையல்காரர் யோசித்துப் பார்த்தார். அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. "ஆமா," என்றார். "குடுத்திருக்க மாட்டேன். ஆனா கழுத்தைப் பிடிச்சிருக்க மாட்டேன்."

அவர் போய் மெயின் ஸ்விட்சைப் போட்டார். விளக்கு வந்ததும் சகலை தன் கத்தரியையும் இஞ்ச் டேப்பையும் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தார். ஆனால் திரும்ப முடியவில்லை. மாஸ்டரின் பாடம் அப்படி. ஆபத்து என்று மனசு நினைத்துவிட்ட ஆளுக்கு உடம்பு முதுகைக் காட்டாது. பின்னோக்கியே நடந்து படி இறங்கினார். பின்னோக்கியே தெருவில் நடந்தார். ஒரு சைக்கிள்காரர் திட்டினார், ஒரு நாய் ஒதுங்கியது, தக்காளி வண்டி ஒன்றில் இடுப்பு இடித்தது. முகம் மட்டும் கடையைப் பார்த்தபடியே இருந்தது. அப்படியே நடந்து வீட்டுக்குள் பின்பக்கமாகவே நுழைந்ததாகவும், யாரோ விருந்தாளி கிளம்புகிறார் என்று நினைத்துக் கொழுந்தியாள் "போய்ட்டு வாங்க" என்று சொன்னதாகவும் பிற்பாடு கேள்வி.

மூன்று தடவை பார்க்க முடியாமல் போன முகத்தைத் தையல்காரர் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உள்ளே வந்தார். மேசையில் சகலை முடித்து வைத்திருந்த கடைசிச் சட்டை கிடந்தது. பாக்கெட் வழக்கம்போல இறங்கியிருந்தது. பிரிக்க ஊசியை எடுத்தார், வைத்துவிட்டார். அப்படியே மடித்துப் பையில் போட்டார்.

சட்டைக்கு உரியவர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. தன் மிஷினை நகர்த்திச் சுவரோடு போட்டுக்கொண்டார். மறுபக்கத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாததால், தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.