வெல்டிங்கின் உள்பக்கம்

காலையிலிருந்து அந்த என்ஜின் நிலைகொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தது. நானும்தான். வண்டி சும்மா நிற்கும்போது, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் எழுநூற்றைம்பதில் நிற்க வேண்டும். அது ஆயிரத்து நூறுக்கு ஏறும், அறுநூறுக்கு விழும், செத்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால் மறுபடியும் ஏறும். மருந்துக்கடைக்காரரின் பழைய கார் அது. பெரிய என்ஜின் ஒன்றை அதில் மாற்றி வைத்திருந்தோம். அதற்குக் காற்று போகும் குழாய் கடையில் கிடைக்காது. பானெட்டுக்குள் இருந்த இடத்தைப் பார்த்து நானே அலுமினியத்தில் செய்தேன்.

வெல்டிங் என் வேலை, லேப்டாப் என் தங்கையின் வேலை. ஆறு வருடமாகப் பட்டறை அப்படித்தான் ஓடுகிறது. குழாய்க்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்க ஒரு சென்சார் உண்டு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் அது சொல்வதை நம்பித்தான் என்ஜின் பெட்ரோலை விடும். குழாய் பெரிதானால் சென்சாரின் கணக்கும் மாறும். அந்தப் புதுக் கணக்கை லேப்டாப்பில் எழுதி என்ஜினுக்கு ஏற்றுகிறவள் அவள். ஆகவே என்ஜின் ஆடினால் சந்தேகப்பட வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று என் குழாய், இல்லாவிட்டால் அவள் கணக்கு.

என் குழாய் இல்லை என்று நான் ஒன்பது மணிக்கே அடித்துச் சொல்லிவிட்டேன்.

முதலில் சென்சாரை வளைவை ஒட்டி வைத்திருந்தேன், அங்கேதான் கை வசதியாகப் போகும். வளைவில் திரும்பும் காற்று ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு போகும், நேரான இடத்துக்குத் தள்ளு என்றாள். முணுமுணுத்துக்கொண்டே தள்ளினேன். போதாது, இன்னும் நாலு விரல் என்றாள். மூன்றாவது ஓட்டை போட்டு, முந்தைய இரண்டையும் சின்னத் தகடு வைத்து அடைத்தேன். இன்னும் ஒரு ஓட்டை கேட்டால் இதை வாயில் வைத்து ஊத வேண்டியதுதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அடைச்சியே, உள்பக்கம் எப்படியிருக்குன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் போட்ட வெல்டிங்கை நானே சந்தேகப்படணுமா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அது அங்கேயே பாய் விரித்துப் படுத்திருந்தது.

கோபத்துக்குக் காரணம் குழாய் இல்லை. ஒரு பெரிய கார் கம்பெனி தன் சோதனைக்கூடத்தில் வேலைக்கு வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் போனில் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். போவதென்றால் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். என்னிடம் யோசனை கேட்டபோது, உன் இஷ்டம் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு நாள் முழுக்க ஸ்பேனர்களைத் தூக்கித் தூக்கிப் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் புரியும்.

சோப்புத் தண்ணீர் தெளித்துக் காற்றுக் கசிவு தேடினோம், இல்லை. வயரை மாற்றினோம், பிரயோஜனமில்லை. மத்தியானத்துக்குள் அவள் தன் கணக்கைப் பதினோரு தரம் மாற்றி எழுதிவிட்டாள். ஒவ்வொரு தரமும் என்ஜின் வேறு மாதிரி ஆடியது, அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்து, முடிந்ததா என்று கேட்டார். நான் குட்டி போட்ட பூனை மாதிரி காரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு அவள் முகம் கழுவப் போனாள். சும்மா நிற்க முடியாமல் நான் கிளாம்பைக் கழற்றிக் குழாயை வெளியே எடுத்தேன். ஏதோ நினைப்பில் உள்ளே விரலை விட்டேன். சுருக்கென்றது. விரல் நுனியில் ரத்தம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் அடைத்த இரண்டு ஓட்டைகளிலும் உலோகம் உருகி உள்பக்கமாக வழிந்து, பட்டாணி அளவுக்கு இரண்டு புடைப்புகளாக உறைந்திருந்தது. இரண்டும் சென்சாருக்கு நேர் முன்னால். வருகிற காற்று அதில் இடறிச் சுழன்றுகொண்டுதான் சென்சாருக்கு வரும். நான் இரும்புக் கேட்டுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் செய்து பழகியவன். அங்கே வெல்டிங் மறுபக்கம் வரை இறங்கினால்தான் நல்ல வேலைக்காரன் என்பார்கள். வெளியே பார்த்தால் தகடு வைத்த இடமே தெரியாது, அத்தனை அழகு. உள்ளே இந்த லட்சணம்.

அவள் சொன்ன இடம் சரி. அநேகமாக அவள் காலையில் எழுதிய முதல் கணக்கும் சரி.

குழாயைத் திரும்ப மாட்டினேன். கிளாம்பை முறுக்கினேன். முறுக்கியதையே மறுபடியும் முறுக்கினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"நான் வரலன்னு சொல்லிடறேன்ணா" என்றாள். "ஒரு வண்டிய நிதானமா நிக்க வைக்கத் தெரியல. அங்க போய் அசிங்கப்படவா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. நான் எதுவும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்கு அவள் இல்லாத நேரத்தில் புடைப்பைத் தேய்த்துவிட்டால் என்ஜின் நிதானத்துக்கு வந்துவிடும். அவளும் இங்கேயே இருப்பாள். உனக்கு ஏன் வீண் அலைச்சல் என்றுகூடச் சொன்னேன். சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தன் பதினோரு கணக்கையும் எழுதியிருந்த தாளைக் கிழிக்காமல், கோபப்படாமல், நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அழுதிருந்தாலாவது அதட்டியிருப்பேன். பட்டறையின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். கால் நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆனது. அவள் போனை எடுத்தாள்.

"வை அதை" என்றேன்.

குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். "உள்ள தொட்டுப் பாரு. பாத்துத் தொடு, கிழிக்கும்."

அவள் விரலை விட்டாள். ஒரு தரம் தடவினாள், பிறகு மெதுவாக இன்னொரு தரம். என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"நீ முகம் கழுவப் போனப்ப."

அரை மணி நேரம். அவள் மனசுக்குள் எண்ணியது முகத்திலேயே தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையை நீட்டிக் கிரைண்டரைக் கேட்டாள். நான் செய்கிறேன் என்றேன், அவள் குழாயைக் கொடுக்கவில்லை. அவளே உட்கார்ந்து இரண்டு புடைப்பையும் தேய்த்து மட்டமாக்கினாள். ஒரு தூள்கூட என்ஜினுக்குள் போகக் கூடாது என்று காற்றடித்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடியும் காற்றடித்தாள். குழாயை மாட்டினாள். பதினோரு கணக்கையும் விட்டுவிட்டு, காலையில் எழுதிய முதல் கணக்கை ஏற்றினாள்.

சாவியை நான் திருப்பினேன். முள் ஏறியது, இறங்கியது, எழுநூற்றைம்பதில் நின்றது. பிறகு அசையவே இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வேறு நாளாக இருந்தால் மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்து நான் பெருமையடித்திருப்பேன்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் இங்கயேதான் இருந்திருப்பேன்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது. அவள் கை இரண்டும் முழங்கைவரை கறுப்பாக இருந்தன, போனைத் தொட முடியாது. கடிதத்தை எடுத்துப் பார்த்து, எண்ணை நானே ஒவ்வொன்றாக அழுத்தி, போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.