கருப்புச் சாயம் தின்னும் வம்சம்

மண்ணரையிலுள்ள சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வறையில்தான் சண்முகப்பிரியா அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். இனம் புதிதன்று; வயல் மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் சாதாரணமாகக் கிடைப்பது. ஆனால் ஓர் இனத்துக்குள் எல்லா உயிரும் ஒன்றல்ல. கழிவுத் தொட்டியில் பல காலம் ஊறிய ஒரு வம்சம் மட்டும், அவ்வினத்தின் மற்றவை எவற்றிடமும் இல்லாத ஒரு சிறு மரபணு வளையத்தைச் சுமந்திருந்தது. அதன் துணையால் அது கருப்புச் சாயத்தை உடைத்துத் தின்றது. தண்ணீர் தெளிந்தது.

அதைக் கண்டுபிடித்தவள் பிரியா என்று நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். அவள் வேறெதையும் விரும்பவில்லை. அதை வளர்த்த சோதனைக் குழாயை முதலில் காட்டியது கோமளாவிடம். கல்லூரியிலிருந்தே தோழி, இப்போது அதே ஆய்வறையில் வேலை, மதியம் ஒரே டிபன் பாக்ஸ்.

சாயப்பட்டறைக்காரர்களின் கூட்டத்தில் கோமளா மேடையேறினாள். உடுமலைப்பேட்டையில் தங்கள் தென்னந்தோப்பு மண்ணிலிருந்து அந்தப் பாக்டீரியாவைத் தான் கண்டெடுத்ததாகச் சொன்னாள். பிரியாவின் அப்பா ரத்தினசாமியும் பட்டறைக்காரர்தான். விவரம் அறியாமல் அவரும் கைதட்டினார்.

"ஏம்புள்ள, அது என்ற டியூப்தானே?" படியிறங்கும்போது பிரியா கேட்டாள்.

"ஒரே இனந்தானே பிரியா? உன்ற தொட்டியில இருக்கறது எங்க தோப்புல இருக்கக்கூடாதா? என்னமோ அதோட நெத்தியில உன்ற பேரு இருக்கறாப்ல பேசற!"

இருந்தது. இருவர் குழாய்களிலிருந்தும், தோப்பு மண்ணிலிருந்தும் மாதிரி எடுத்து, மரபணு வரிசை பார்க்கப் பிரியா கோவைக்கு அனுப்பினாள். மண்ணில் வாழ்ந்தவற்றில் முழுமையாக இருந்த ஒரு மரபணு, அவளுடைய வம்சத்தில் ஓரிடத்தில் பழுதாகியிருந்தது. கோமளாவின் குழாயிலும் அதே இடத்தில் அதே பழுது; அது தோப்பிலிருந்து வந்ததல்ல. பிரியா யாரிடமும் சொல்லவில்லை. கோமளா தானாகவே வந்து ஒப்புக்கொள்வாள் என்று காத்திருந்தாள்.

கோமளா வந்தாள்.

"நாளைக்கு உங்கப்பா பட்டறைக்குத் துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க பாக்க வர்றாங்க புள்ள. பாக்டீரியாவ விட்டும் தண்ணி கருகருன்னே நிக்குது."

"செத்துருச்சா?"

"எங்க! நல்லாக் கொழுத்துத்தான் கெடக்குது."

"வளக்கறப்ப சாயம் ஊத்துனியா?"

"குழாய் பாக்க லட்சணமா இருக்கட்டும்னு நாட்டுச்சர்க்கரைத் தண்ணியில வளத்தேன்."

பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் குழாய்க்கு வாரந்தோறும் அப்பாவின் பட்டறைச் சாயத்தண்ணீரை ஊற்றிவந்தாள். சாயமே இல்லாத இடத்தில் அந்த வளையம் வெறும் சுமை. அதைத் தொலைத்தவை விரைந்து பெருகி, சுமந்தவற்றை ஓரங்கட்டியிருக்கும்.

"ஒரே ஒரு டியூப் குடு" என்றாள் கோமளா.

"குடுக்கறேன். எல்லாருக்கும் முன்னால, இது பிரியா கண்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லோணும்."

கோமளா, பிரியாவின் குழாய்கள் இருந்த குளிர்பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப வேண்டாம் போ. உங்கப்பா பட்டறைத் தண்ணிதான் சரியில்லைன்னு சொல்லிக்கறேன்."

அவள் போன பிறகும் மேசைமேல் டிபன் பாக்ஸ் இருந்தது. இருவருக்கும் போதுமான தக்காளிச் சோறு. காத்திருந்த நாட்களை எண்ணியபோது பிரியாவுக்குக் கோமளாவைவிடத் தன்மீதே கசந்தது. போனை எடுத்தாள்.

"அப்பா, நாளைக்குப் பையருங்க வர்றப்ப நானும் என்ற டியூபோட வர்றனுங்க. அன்னிக்குக் கூட்டத்துல நீங்க யாருக்குக் கைதட்டியிருக்கோணும்னு அங்க சொல்றனுங்க."