இரண்டாம் தரம் கேட்காத முகாமையாளர்

கொப்பன்ஹேகனில் நடந்த பயிற்சிக்கு முகாமையாளர் பிறேபன் போய்வந்த பிறகு, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரக் கதிரைத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் நிம்மதியாகக் கோப்பி இறங்கவில்லை. 'பேசாத ஊழியரை நிர்வகிப்பது எப்படி' என்பதுதான் பயிற்சி. அதைப் பற்றி அவர் ஓயாமல் பேசினார்.

1985 இலையுதிர் காலம். காலைக் கோப்பி நேரத்தில் எல்லோரும் வட்டமாக இருக்க, சிவப்புப் பந்தொன்று கைமாறும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மனத்தைத் திறக்க வேண்டும். கதிரைக்கால்களை மினுக்கும் செல்வரட்ணம், சுடுசட்டியைப் பிடித்தவர்போலப் பந்தைப் பிடித்து, டெனிஷில் 'நல்லம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர் மடியில் போடுவார்.

களஞ்சியம் பார்க்கும் ஸ்வென் கிழவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் செல்வரட்ணத்துக்கு உயிர் வந்தது. களஞ்சியத்தில் ஒற்றை ஆள் வேலை. பந்து அங்கே போகாது.

பிறேபனே அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "களஞ்சியத்துக்குப் போக விருப்பமா?"

செல்வரட்ணம் தலையைச் சரித்துச் சிரித்து, "வேண்டாம், நன்றி" என்றார். பிறேபன் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

அன்றிரவு மனைவி பற்றிமா கறிச்சட்டியை இறக்காமலே திரும்பினாள்.

"வேண்டாமெண்டோ சொன்னனீங்கள்? ஏனப்பா?"

"கேட்ட உடன ஓமெண்டால் பறக்கிறான் எண்டு நினைப்பான். இரண்டாம் தரம் கேப்பான்தானே."

"அவனென்ன என்ர அம்மாவே, வேண்டாம் வேண்டாமெண்டாலும் கோப்பையில சோத்தைப் போட?"

அந்தக் கிழமை செல்வரட்ணம் பிறேபனின் கண்ணில் படுகிற இடங்களிலெல்லாம் நடமாடினார். படிக்கட்டில் இருமினார். வாசலில் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பிறேபன் கையசைத்துக்கொண்டே போனார். வீட்டில் செல்வரட்ணம் கட்டிலில் புரண்டு புரண்டு பற்றிமாவின் நித்திரையையும் கெடுத்தார்.

வியாழக்கிழமை யேசுரட்ணம் ஓடிவந்தான். தொழிற்சாலையில் ஓயாமல் கதைக்கிற ஒரே தமிழன் அவன்.

"அண்ணை, நான் செத்தன்! களஞ்சியத்தை என்னட்டத் தாறானாம். கதைக்கிறவன் தனிய இருந்து பழகோணுமெண்டு அந்தப் பயிற்சியில சொல்லிக் குடுத்தவங்களாம்."

செல்வரட்ணம் மினுக்குத்துணியைக் கீழே போட்டார். "நீ என்ன சொன்னனி?"

"ஓமெண்டிட்டன். இவங்கள் ஒருக்காத்தான் கேப்பாங்கள் அண்ணை. வந்த புதிசில மரியாதைக்கு வேண்டாம் வேண்டாமெண்டு ஒரு மாசம் கோப்பியில்லாமல் காய்ஞ்சனான். அதிலயிருந்து எதைக் கேட்டாலும் ஓம்தான். இப்ப அங்க ஆரோட கதைக்கிறது, பெட்டியளோடயோ?"

"போய் வேண்டாமெண்டு சொல்லன்."

"சொல்லிப்போட்டன். முதல் சொன்ன சொல்லில நில் எண்டுறான். நாளைக்கு வட்டத்தில அறிவிக்கப் போறானாம்."

வெள்ளிக்கிழமை பந்து செல்வரட்ணத்திடம் வந்தது. பிறேபன் தொண்டையைச் செருமி அறிவித்தலுக்கு ஆயத்தமானார். செல்வரட்ணம் பந்தை அடுத்தவரிடம் கொடுக்கவில்லை. எழும்பினார். உடைந்த டெனிஷில் சொன்னார்:

"களஞ்சியம் எனக்கு வேண்டும். அன்றைக்கு வேண்டாமென்றது பொய். யேசுரட்ணத்துக்கு அது வேண்டாம். எனக்கு இந்தப் பந்தும் வேண்டாம்."

பிறேபனின் கண் கலங்கியது. பயிற்சி பலித்துவிட்டது!

"இவ்வளவு அழகாகப் பேசுகிறவரைக் களஞ்சியத்தில் பூட்டிவைப்பதா? இனி இந்த வட்டத்தை நடத்தப்போவதே நீங்கள்தான்!"

செல்வரட்ணம் பந்தைக் கதிரையில் வைத்தார்.

"பிறேபன், உனக்குக் காது கேட்காதா?" என்றார் ஸ்வென் கிழவர், கேக்கை மென்றபடி. "அந்த மனிதன் களஞ்சியத்தைக் கேட்கிறான்." இடுப்பில் தொங்கிய களஞ்சியத் திறப்புக்கோவையைக் கழற்றிச் செல்வரட்ணத்தின் கையில் வைத்தார். எல்லோரும் கைதட்டியதால் பிறேபனும் தட்டினார்.

களஞ்சியத்தில் அடுத்த கிழமை அமைதியாகத் தொடங்கியது. ஆனால் புதன்கிழமையே பிறேபன் வெளியூர் முகாமையாளர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்து வந்து நின்றார்.

"மௌனத்தை உடைத்த எங்கள் ஊழியர் இவர்தான். செல்வரட்ணம், இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள்."

செல்வரட்ணம் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"வெளியே போங்கள். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்."

முகாமையாளர்கள் வியந்து தலையாட்டிக்கொண்டே வெளியேறினார்கள். கடைசியாகப் போனவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. செல்வரட்ணம் போய் அதைத் தள்ளிச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.