பின்சில்லுக் காற்று

இராசமலருக்கு நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். இன்னமும் வயிறு என்று ஒன்று அவளுக்கு முளைக்கவில்லை. பக்கத்துக் காணி இரஞ்சிதத்துக்கு வயிறெரிய அது ஒன்றே போதும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் அந்தக் குடியேற்றத் திட்டத்தில் ஒவ்வொரு சித்திரைக்கும் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். தேசிக்காய் ஓட்டமோ சாக்கோட்டமோ, பெண்களுக்கு எது வைத்தாலும் பரிசாகக் கொடுக்கும் அலுமினியப் பேசின் இராசமலர் வீட்டுக்குத்தான் போகும். இரஞ்சிதம் பள்ளிக்கூட நாளிலிருந்தே கடைசி. பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆகவே எல்லோருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுக்கும் வேலை வருடா வருடம் அவளுடையது. இராசமலர் முதலாவதாக வரும்போதெல்லாம் இரஞ்சிதத்தின் கையில் இருக்கும் தேசிக்காய் படாத பாடு படும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு பெண்களுக்கும் மெதுவான சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். கால் நிலத்தில் படக்கூடாது. கடைசியாகக் கோட்டைத் தாண்டுகிறவருக்குப் பரிசு. கடைசியாக வருவதற்கு இரஞ்சிதத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்கே பெயர் கொடுத்தாள்.

ஒரு மாதமாகப் பின்னேரங்களில் புருஷன் பாலனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கட்டு வழியாகப் போனாள். சண்டையால் பெற்றோல் வராத காலம், மோட்டார் சைக்கிள் வந்து இடிக்கும் என்ற பயமில்லை. முதல் கிழமை நாலு தரம் விழுந்தாள். பிறகு விழவில்லை. பிறகு பரிசே மறந்துபோயிற்று. அவள் மெதுவாகப் போகப் போக, வயலில் நின்றவர்கள் கதை கொடுத்தார்கள். வாய்க்காலில் விரால் துள்ளியது தெரிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு கூடச் சாப்பிட்டாள். நாற்பத்தைந்து வயதில் தன் உடம்பு தனக்குச் சொல்வழி கேட்கிறது என்பது அவளுக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

போட்டிக்கு முதல்நாள், அதை நடத்தும் வாசிகசாலையின் தலைவர் மயில்வாகனம் பெயர்களை வாசித்தார். ஐந்தாவது பெயர் இராசமலர்.

"எனக்கெண்டு ஒண்டே ஒண்டு இருந்தது. அதிலையும் வந்து கை வைச்சிட்டாள்," என்று இரஞ்சிதம் பாலனிடம் பொருமினாள்.

"அவவுக்கு மெதுவாப் போகத் தெரியாதப்பா. நீதான் வெல்லுவாய், பேசாமல் படு."

அவள் படுத்தாள், நித்திரை வரவில்லை. மறுநாள் சாக்கோட்டம் நடந்துகொண்டிருக்க, எல்லோருடைய கண்ணும் அங்கேயிருந்த நேரம், வேலியில் சாத்தியிருந்த இராசமலரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினாள். பின்சில்லு வால்வைத் தளர்த்தினாள். காற்றுச் சீறிக்கொண்டு போனது. அரைவாசி போனதும் இறுக்கிவிட்டு வந்து தேசிக்காய் பிழிந்தாள்.

கோபத்தில் இருந்தவளுக்கு ஒன்று யோசனைக்கு வரவில்லை. காற்று இறங்கினால் சைக்கிள் ஓடாது. இந்தப் போட்டியோ ஓடாமல் இருப்பதற்கான போட்டி.

மயில்வாகனம் விசில் ஊதினார். மூன்று பேர் ஐந்தடிக்குள் காலூன்றிவிட்டார்கள். மிஞ்சியது இருவர். இராசமலரின் சில்லு மணலில் அடைகாக்கிற கோழி மாதிரி அமர்ந்துகொண்டு இருந்தது. அவள் பெடலை மிதிமிதியென்று மிதித்தும் சைக்கிள் ஊர்ந்தது. இரஞ்சிதம் தன் வித்தையெல்லாம் காட்டினாள். காட்டியும் ஒரு முழம் முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டாள். இராசமலர் அந்த வருடத்து மூன்றாவது பேசினையும் வாங்கினாள்.

அன்று பின்னேரம் இரஞ்சிதத்தின் வீட்டுப் படலையில் இராசமலர் சைக்கிளோடு வந்து நின்றாள்.

"இரஞ்சிதமக்கா, உங்கட காத்தடிக்கிற பம்மைத் தாறியளே? பின்சில்லிலை காத்தில்லை."

இரஞ்சிதம் பம்மை எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை. தானே குனிந்து மாட்டி அடிக்கத் தொடங்கினாள்.

"விடுங்கோக்கா, உங்களுக்கு மூச்சு வாங்குது."

"நான்தான் இறக்கினனான்," என்றாள் இரஞ்சிதம் நிமிராமல். "நானே அடிக்கிறன்."

இராசமலர் சைக்கிள் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அதுதானே பாத்தன், நான் எப்பிடி வெண்டனெண்டு," என்று இராசமலர் சிரித்தாள். "எனக்குப் பேசின் வீட்டிலை வைக்க இடமில்லை அக்கா. நீங்கள் பின்னேரத்திலை கட்டாலை ஆடியாடிப் போறதைக் குசினிக்குள்ளை நிண்டு பாக்கிறனான். நான் ஓடேக்கை கோட்டைத் தவிர வேறையொண்டையும் கண்டதில்லை. உங்களை மாதிரி மெதுவாப் போற ஆசையிலைதான் பேர் குடுத்தனான். நாளைக்கு நானும் வரட்டே?"

இரஞ்சிதத்துக்குக் கண் கலங்கியது. கூடவே எரிச்சலும் வந்தது. கோபித்து நாலு வார்த்தை பேசியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். பொறுத்துப் போகிறதிலும் இவள் முதலாவதாக வந்து நிற்கிறாளே.

அவள் வால்வை இறுக்கி, சில்லை ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"வா," என்றாள். "ஆனால் எனக்கு முன்னாலை போகப்படாது."